முறை வைத்த கார்

அரியலூர்
3.8.1981

திரு. சிவசுப்பிரமணியன் அவர்கள் சமூகத்துக்கு அழகேசன் எழுதுவது.

நலம் விசாரித்துக்கொள்ளும் நிலையில் நாம் இருவரும் இல்லை. ஆகவே நேரே காருக்கு வருகிறேன்.

ராசாங்கம் மாமா சொன்ன தீர்ப்புப்படி ஆடி அமாவாசையன்று நம் இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள குன்னம் போய்ச் செல்லக்கண்ணு டீக்கடையில் சாவியை வாங்கிக்கொண்டேன். காடு, வீடு, மோட்டார் எல்லாவற்றையும் பிரித்த மனிதருக்குக் காரை எப்படிப் பிரிப்பது என்று தெரியவில்லை. பொதுக்கிணற்றுக்கு முறை வைப்பதுபோல அமாவாசைக்கு அமாவாசை ஆளுக்கொரு முறை என்று சொல்லி எழுந்துவிட்டார். கிணற்றில் ஒருவன் இறைத்தால் விடிவதற்குள் மறுபடி ஊறும். காரில் ஒருவன் ஒடித்தது அடுத்தவன் முறையில் தானாக ஒட்டிக்கொள்ளுமா?

குன்னத்திலிருந்து அரியலூர் வருவதற்குள் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஸ்டியரிங்கைக் கால் சுற்று சுற்றினால்தான் சக்கரத்துக்குச் சேதி போகிறது. இரண்டாவது கியரிலிருந்து முதலுக்கு இழுத்தால் தண்டு நடுவில் மாட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. நடுரோட்டில் இறங்கி, பானெட்டைத் திறந்து, கம்பியைக் கையால் தட்டிவிட்டு மறுபடி ஏறினேன். இடது பின்கதவு உள்ளேயிருந்து திறப்பதில்லை. வலப்பக்கம் திருப்பினால் ஹார்ன் தானாக அடிக்கிறது. ஊருக்குள் நுழையும் திருப்பத்தில் ஒரு பாட்டையா ஒதுங்கி நின்று எனக்குக் கும்பிடு போட்டார். இதெல்லாம் அப்பா காலத்திலும் இருந்ததா, இந்த இரண்டு மாதத்தில் தாங்கள் சேர்த்ததா என்பதைத் தெரிவிக்கவும்.

ஒன்று மட்டும் அப்பா காலத்திலேயே இருந்தது. பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும். அது தங்களுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் கருமாதிப் பந்தல் பிரிப்பதற்கு முன்பே பங்காளிகள், சம்பந்திகள் அத்தனை பேர் முன்னிலையில், “முந்தின நாள் வண்டிய எடுத்துட்டுப் போனவன் பெட்ரோல் போட்டிருந்தா அப்பா பொழைச்சிருப்பாரு” என்று சொன்னீர்கள். நான் போட்டேன். அரியலூர் பங்கில் பத்து லிட்டர் போட்ட பிறகுதான் வண்டியைப் பெரம்பலூரில் கொண்டுவந்து விட்டேன். அந்தச் சொல்லைத் தாங்கள் திரும்ப வாங்கும்வரை அந்த வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அழகேசன்


பெரம்பலூர்
9.8.81

தம்பி அழகேசனுக்கு அண்ணன் எழுதிக்கொள்வது.

தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன் என்பதை எனக்கே காட்டாதே. சமூகமாம், தெரிவிக்கவுமாம். என் உரக்கடைக்கு வருகிற நோட்டீஸ்கூட இதைவிடப் பாசமாக இருக்கும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கியர் பதினோரு வருஷமாக அப்படித்தான் மாட்டும். கிளட்சை முழுக்க மிதித்து, ஒரு மூச்சு விட்டு, பிறகு இழுக்க வேண்டும். உனக்கு எதிலும் அவசரம். பின்கதவைத் திறக்கக் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட்டுத் திறக்க வேண்டும். கண்ணாடி இறக்கும் கைப்பிடி கையோடு வரும், அதைத் திரும்பக் குத்தினால் நிற்கும். டிக்கி மூடிக்கு முட்டு இல்லை, தலையைக் கொடுக்காதே. நானே இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன். மழை பெய்தால் கிளட்சு மிதிக்கிற கால்மேல் ஒழுகும், செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டு. ஹார்னுக்கு வழி இல்லை. கும்பிட்டவருக்குத் திரும்பக் கும்பிடு போட்டுவிட்டுப் போ.

பெட்ரோல் விஷயம் பேசாதே. எனக்கு வயிறு எரிகிறது. நீ போட்டாய் என்கிறாய். வண்டி பாடாலூர் மேட்டில் நின்றது. எது பொய்?

உன் அண்ணி அம்சவள்ளி குழந்தைகளைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

சிவசுப்பிரமணியன்


அரியலூர்
2.10.1981

திரு. சிவசுப்பிரமணியன் அவர்களுக்கு,

மகாளய அமாவாசைக்கு வண்டி என் கைக்கு வந்தது. பின் சீட்டில் யூரியா சிந்தியிருக்கிறது. கார் என்பது மனிதர்கள் உட்காருவதற்கு. மூட்டை ஏற்றுவதானால் மாட்டுவண்டி முறை வைத்துக்கொண்டிருக்கலாம்.

ஹாண்ட் பிரேக் குடைக்காம்பு மாதிரி முழுசாகக் கையில் வருகிறது. ஆண்டிமடத்தில் சரிவில் நிறுத்திவிட்டு இறங்கினேன். வண்டி என்னை விட்டுவிட்டுத் தனியாக முந்திரிக்கொட்டைக் களத்துக்குள் போய்விட்டது. கல் வைப்பது வழக்கம் என்றால் அந்தக் கல்லையும் சாவியோடு செல்லக்கண்ணுவிடம் கொடுத்திருக்க வேண்டும்.

செல்லக்கண்ணு கேட்கிறான், “அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்து ஆளுக்கொரு டீ குடிச்சா என்னங்க கொறஞ்சி போயிடும்?” என்று.  தாங்கள் காலையில் வண்டியை விட்டுவிட்டு ஏறிப்போன பஸ் கண்ணில் மறையும்வரை நான் எதிர்க்கடையில்தான் நின்றிருந்தேன் என்று அவன் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம்.

அழகேசன்


பெரம்பலூர்
12.11.81

தம்பிக்கு,

மழை விட்டபாடில்லை. வைப்பர் என் பக்கம் பாதியில் நின்றுபோகிறது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையை வெளியே விட்டு வைப்பரை நானே தள்ளுகிறேன். ஹார்ன் அடித்தால் விளக்கு மங்குகிறது, விளக்கு வேண்டுமென்றால் வாயால் கத்த வேண்டியிருக்கிறது. இந்த வண்டியைக் கட்டினவன் ஒருநாள்கூட அதில் ஏறிப்போயிருக்க மாட்டான். நீ உன் முறையில் வைப்பரைப் பார்த்திருக்கலாம். அரியலூரில் மழை பெய்வதில்லையா?

வண்டியில் உட்கார்ந்தால் எனக்கு மனசு நிலைகொள்வதில்லை. பக்கத்துச் சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன். திருச்சி ரோட்டில் அதற்கப்புறம் நான் வண்டியைத் திருப்பவே இல்லை. திருச்சி போக வேண்டியிருந்தால் பஸ்ஸில்தான் போகிறேன்.

வருஷத் திதி வைகாசி முதல் வாரத்தில் வருகிறது. இரண்டு பிள்ளைகள் இருக்க, ஒருத்தன் மட்டும் எள்ளுத்தண்ணி விட்டால் ஊர் காறித் துப்பும். ஊரை விடு. அப்பா என்ன நினைப்பார்? இப்போதே சொல்லிவிட்டேன்.

சிவசுப்பிரமணியன்


அரியலூர்
11.12.1981

அவர்களுக்கு,

வேப்பங்குச்சி ஒன்றைச் சீவி வைத்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் டாங்க்கில் விட்டு அளக்கிறேன். காலையில் கிளம்புமுன் மறுபடி அளக்கிறேன். ஓட்டாத நாளிலும் அளக்கிறேன். முத்தாயி, “வண்டிக்கு என்ன காய்ச்சலா, இப்படி நாடி பாக்குறீங்க?” என்று கேட்டுவிட்டாள். பெண்டாட்டியிடம் என்ன சொல்வது? சாப்பாட்டில் கை வைக்கும்போது நினைவு வருகிறது. கோப்பில் கையெழுத்து வாங்கும்போது நினைவு வருகிறது.

தங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சண்டைக்குக் கேட்கவில்லை. அன்று பாடாலூரில் என்ன நடந்தது என்பதை இதுவரை யாரும் எனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. வண்டி எப்படி நின்றது? பெட்ரோல் ஊற்றியதும் கிளம்பியதா, இல்லை வேறு ஏதாவது பார்த்தீர்களா?

அழகேசன்


பெரம்பலூர்
4.1.82

தம்பிக்கு,

கேட்டாய், சொல்கிறேன். ஒரு தடவைதான் சொல்வேன்.

காலையிலிருந்தே நெஞ்சு கரிக்கிறது என்றார். பதினோரு மணிக்கு வேர்த்துக் கொட்டியது. நான் மட்டும் போதும், கூட்டம் வேண்டாம் என்றார். திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். நல்ல வெயில். மிதித்துக்கொண்டு போனேன். பாடாலூர் மேடு ஏறும்போது வண்டி இரண்டு தடவை இருமியது, அப்படியே நின்றது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. முள் பாதியில் நின்றுகொண்டு என்னைக் கேலி செய்தது. பெட்ரோல்தான் என்று தெரிந்துவிட்டது.

எதிரே வந்த எதுவும் நிற்கவில்லை. அப்பாவைப் புளியமர நிழலில் வண்டியோடு விட்டுவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போய்த் திரும்ப ஒரு மணி நேரம். அஞ்சு லிட்டர் ஊற்றினேன். ஒரே இழுப்பில் கிளம்பியது. “வந்துட்டியா” என்று மட்டும் கேட்டார். சமயபுரம் தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

ஊற்றியதும் கிளம்பியது அழகேசா. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? நீ வேண்டுமென்று செய்தாய் என்று நான் சொல்லவில்லை. மறந்திருப்பாய். ஆனால் அந்த ஒரு மணி நேரம் போய்விட்டது.

சிவசுப்பிரமணியன்


அரியலூர்
20.4.1982

அண்ணனுக்கு,

தங்கள் கடிதம் வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

பத்து லிட்டர் போட்டேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். போட்டது உண்மை. ஆனால் போட்டபிறகு, பெரம்பலூருக்கு வருமுன், ஆண்டிமடம் ஒரு நடை போய்வந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. முள்ளைப் பார்த்தேன், பாதி காட்டியது. அது பொய் சொல்கிற முள் என்று தெரிந்தும் அன்று எனக்கு வசதியாக இருந்ததால் நம்பினேன். பத்து லிட்டருக்கு அவ்வளவு தூரம் தாங்கும் என்றுதான் கணக்கு வருகிறது. ஆனால் ஊற்றியதும் கிளம்பியது என்று எழுதிவிட்டீர்கள். அதற்குமேல் என் கணக்குக்கு என்ன மரியாதை?

ஆகவே நான்தான். தாங்கள் பந்தலில் சொன்னது சரி. நான் வீம்புக்கு எதிர்த்தேன்.

திதிக்கு வரமாட்டேன். வீம்பில்லை. என் கையிலிருந்து எள்ளுத்தண்ணீரை அவர் எப்படி வாங்குவார்? தாங்களே செய்துவிடுங்கள். இந்த அமாவாசைக்குச் சாவியோடு ஆர்.சி. புத்தகத்தையும் செல்லக்கண்ணுவிடம் கொடுத்துவிடுகிறேன். இனி எனக்கு முறை வேண்டாம். அந்த வண்டியைத் தொட என்னால் முடியவில்லை.

அழகேசன்


பெரம்பலூர்
1.5.82

தம்பி அழகேசா,

இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்.

உன் கடிதம் படித்த நாளிலிருந்து நான் மனுஷனாக இல்லை. ‘நான்தான்’ என்று நீ சொல்ல வேண்டும் என்றுதானே ஒரு வருஷம் உறுமிக்கொண்டிருந்தேன். சொன்னதும் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. என்ன இழவு மனசு இது என்று எனக்கே புரியவில்லை.

முந்தாநாள் உர லைசென்சு விஷயமாகத் திருச்சி போக வேண்டியிருந்தது. பஸ் தவறிவிட்டது. வருகிறது வரட்டும் என்று காரை எடுத்தேன். பெரம்பலூர் பங்கில் டாங்க் வாய்வரை தளும்பத் தளும்ப நானே நின்று பார்த்து ரொப்பினேன். கத்திரி பிறக்குமுன்பே கத்திரி வெயில். பதினொன்றரை மணி இருக்கும்.

பாடாலூர் மேட்டில் வண்டி இரண்டு தடவை இருமியது. நின்றுவிட்டது.

 டாங்க் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் விரலில் தொட்டது. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். ஒரு லாரி நின்றது. அரும்பாவூர்க்காரர், அரியமுத்து என்று பேர். “என்னங்க, மயக்கமா?” என்று இறங்கி வந்தார். டாங்க் ரொம்பி இருக்கிறது, வண்டி கிளம்பவில்லை என்றேன். பானெட்டைத் தூக்கினார். பெட்ரோல் பம்பில் கை வைக்கச் சொன்னார். வைத்தேன், தோல் பொசுங்கியது.

“இந்த வண்டிக்கு இது பொறவி நோயிங்க. பம்பை இஞ்சினுக்கு ஒட்டியே வெச்சிட்டானுவோ. வெயில்ல மேடு ஏறுனா பம்பு கொதிச்சி உள்ள இருக்குற பெட்ரோல் ஆவியாப் போயிடும். டாங்க்ல கடலே இருந்தாலும் இஞ்சினுக்குச் சொட்டு வராது. ஈரத்துணியச் சுத்துங்க, அஞ்சே நிமிசம்” என்றார். அவர் துண்டையே நனைத்துச் சுற்றினார். ஒரே இழுப்பில் கிளம்பியது.

நான் அவரை விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். “துணி போடாம சும்மா உட்டா?”

“ஒரு மணி நேரம் ஆவுங்க. ஆறுனா தானாக் கெளம்பிடும்.”

ஒரு மணி நேரம். நான் டின்னோடு போய்த் திரும்பி வந்த அதே ஒரு மணி நேரம். அன்றைக்கு அது பெட்ரோலால் கிளம்பவில்லை. ஆறிப்போய்க் கிளம்பியது. நான் ஊற்றின அஞ்சு லிட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உன் பத்து லிட்டர் உள்ளேயே இருந்திருக்கிறது. உன்மேல் ஒரு குத்தமும் இல்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும்.  அன்றைக்கு அப்பா காலடியில் கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது. என் தோளில் துண்டு இருந்தது. நான் பானெட்டைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. பெட்ரோல் போடாமல் விட்டுவிட்டான் கம்மனாட்டி என்று உன்னைத் திட்டிக்கொண்டே ஓடினேன். அவரைத் தனியாக விட்டுவிட்டு ஓடினேன்.

தப்பு என்னுது. திதிக்கு வாடா.

அண்ணன்


அரியலூர்
5.5.1982

சிவசுப்பிரமணியன் அவர்களுக்கு,

படித்தேன். நின்றுகொண்டுதான் படித்தேன்.

ஒரு வருஷம். அப்பனைக் கொன்றவன் என்று ஒரு வருஷம் என்னை நானே கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்துகொண்டேன். என் பிள்ளை, “அப்பா, ஏன் எப்பவும் குச்சிய மோந்து பாக்குறீங்க?” என்று கேட்கிறான். யாரோ ஒரு லாரிக்காரர் துண்டை நனைக்காவிட்டால் நான் இப்படியே சாகவேண்டியதுதானே? தாங்கள் ஊரைக் கூட்டிப் பந்தலில் சொன்னீர்கள். அதை இன்லண்ட் லெட்டரில், பசை போட்டு ஒட்டி, எனக்கு மட்டும் ரகசியமாகத் திரும்ப வாங்குவீர்களோ? நல்லா இருக்கு நியாயம்.

வரமாட்டேன்.

அழகேசன்


பெரம்பலூர்
11.5.82

தம்பி அழகேசனுக்கு,

நீ கேட்டது நியாயம். சொன்ன வாய்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

கடையைப் பூட்டிவிட்டு நாலு நாளாகப் போனேன். காரில் இல்லை, பஸ்ஸிலும் நடந்தும்தான். பந்தலில் இருந்தவர்கள் பேரை அம்சவள்ளியிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு ஒரு வீடு விடவில்லை. ‘பெட்ரோல் இருந்துச்சு, தம்பிமேல தப்பில்ல, நான் சொன்னது பொய்’ என்று வாசலில் நின்றே சொன்னேன். உள்ளே கூப்பிட்டவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ராசாங்கம் மாமா, “முடிஞ்சிபோன கதைய ஏன்டா கிளறுற? சாவு வந்தவன் செத்தான்” என்றார். “எங்களுக்கு முடியலீங்க மாமா” என்றேன். 

இருசம்மா சித்தி மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்படின்னா தண்ணியப் பக்கத்துலயே வெச்சிக்கிட்டு நீதான்டா உங்கப்பன உட்டுட்ட” என்றாள். தெருவே கேட்டது. அவள் சொன்னதில் தப்பில்லை. நானே எனக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது பந்தலில் நீ நின்ற இடத்தில் நான் நிற்கிறேன். அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

திதி வருகிற திங்கட்கிழமை. நீ வந்தாலும் வராவிட்டாலும் உன் இலை போட்டுத்தான் வைப்பேன்.

அண்ணன்


அரியலூர்
13.5.1982

அண்ணே,

உன் லெட்டரை ஆபீசில் வைத்துப் படித்தேன். பக்கத்து சீட்காரர், “என்ன சார், நல்ல சேதியா?” என்று கேட்டார். நல்ல சேதிதான். ஒரு வருஷமாக இது ஒன்றுக்குத்தானே காத்துக்கிடந்தேன். நீ வாசல் வாசலாகப் போய் நிற்க வேண்டும், உன்னை நாலு பேர் கேட்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன். நினைத்ததெல்லாம் அப்படியே நடந்திருக்கிறது. சந்தோஷப்பட்டுப் பார்த்தேன் அண்ணே, முடியவில்லை. சித்தி சொன்னதை நீ எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் எழுந்து பைப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தச் சித்தி வீட்டுக்குப் பஸ் ஏறி இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமா என்று ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பினேன். யாரடி நீ எங்க அண்ணனைக் கேக்க?

பந்தலில் நின்ற ஆளுக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்த இடத்தில் இனி நம் வீட்டில் யாரும் நிற்க வேண்டாம். நீ கீழே இறங்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே வந்துவிடுகிறோம், முத்தாயியும் பிள்ளைகளும் சேர்த்து. அண்ணியிடம் சொல்லிவிடு. தர்ப்பை மட்டும் நீ பார்த்துக்கொள்.

சித்திக்கு நான் சொல்ல நினைத்ததை உனக்கே எழுதிவிடுகிறேன். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், உன்னைத் தேற்றுவதற்காக இல்லை. அன்னைக்கு ஸ்டியரிங்கில் நான் உக்காந்திருந்தாலும் எனக்கும் அந்தத் தண்ணி கண்ணுல பட்டிருக்காது. நானும் டின்னத் தூக்கிக்கிட்டு பெட்ரோல் வாங்கத்தான் ஓடியிருப்பேன். சத்தியமா சொல்றேண்ணே, ஓடித்தான் இருப்பேன்.

உன் தம்பி
அழகேசன்